ஏழாம் சுற்று – 9: அவன் யார் பொறுப்பு?

அப்பா கடைசியாகச் செய்த சாதாரண வேலை, பேஸ்மென்ட் ஃபிரிட்ஜின் கதவை உதைத்து மூடியது.

போனில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஜனவரி மாதம். காலையிலிருந்து ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆளே வராத நூலகத்தில் உட்கார்ந்து நான் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

“மாட்டிறைச்சிய வெளிய எடுத்து வச்சுட்டேன் டெஸ். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள இளகிடும். ரொட்டிய மட்டும் பாஸ்டன வாங்கிட்டு வரச் சொல்லு. மேல உப்பும் சீரகமும் நிறைய இருக்கணும். போன தடவ மொட்டையா இருந்துச்சு.”

பிறகு ‘தொம்’ என்று ஒரு சத்தம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஃபிரிட்ஜ் அங்கே நிற்கிறது. கதவைச் சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும். அடியில் வலது மூலையில் ஓர் உதை கொடுத்தால்தான் பிடிக்கும். அப்பாவின் செருப்பு பட்டுப் பட்டு அந்த இடத்தில் வெள்ளைப் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரியும்.

“சரிப்பா, சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அப்பா இல்லை.

மற்றதைப் போன வாரங்களில் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் பனி தள்ளும் லாரி வந்து போனது. அது ஒதுக்கிய பனி, வழக்கம்போல, கார் பாதையின் வாயை மறித்து ஒரு வரப்பாகக் கிடந்தது. அந்த வரப்பை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

லாரியை ஓட்டியது வெண்டல். என் கணவன். அப்பா ‘பாஸ்டன்’ என்று கூப்பிடும் அதே ஆள். சீக்டவாகா நகராட்சியில் அவனுக்கு அதுதான் வேலை.

அடக்கத்தன்று கல்லறையில் வைத்து என் அண்ணன் கிரெக் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். “நீ தள்ளிவிட்ட பனிதான்.” வெண்டல் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

இந்த வாரம் சொல்லப்போவது ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையைப் பற்றி.

எங்கள் பஃபலோ பக்கத்தில் அந்த நாளுக்குக் காலண்டர் தேவையில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அமெரிக்க ஃபுட்பால் அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட்டின் மூன்றாம் நாள். வியாழக்கிழமை முதல் சுற்று, வெள்ளிக்கிழமை அடுத்த இரண்டு. அந்தப் பையன்களுக்கு மேடை, கோட்டு, தொப்பி, கண்ணீர் எல்லாம் உண்டு. சனிக்கிழமை நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை. இவர்களுக்கு மேடை கிடையாது. வீட்டு சோபாவில் உட்கார்ந்து போன் மணிக்காகக் காத்திருப்பார்கள். ஏழாம் சுற்றில் வருகிறவன் பெரும்பாலும் கோடை முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவான்.

டிவியில் ஒருவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நிபுணர்கள் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இந்த அணிக்கு ஏ, அந்த அணிக்கு டி. அப்பா சத்தத்தை அணைத்துவிடுவார்.

“மாவு பிசையும்போதே பியரோகி ருசியா இருக்குங்கறானுங்க. வெந்து வரட்டும்டா.” பியரோகி என்றால் எங்கள் வீட்டு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை.

அவருடைய சட்டம் மூன்று வருடம். இந்த வருடம் எடுத்த பையன்களைப் பற்றி இந்த வருடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்தவர்களுக்குத்தான் இன்று மதிப்பெண். அதற்காகவே வருகிற ஒவ்வொரு பையனையும் வீட்டில் ஒருவர் ‘எடுத்துக்கொள்ள’ வேண்டும். மூன்று வருடம் அவன் உங்கள் பிள்ளை. அவன் பந்தைத் தவறவிட்டால் ஏச்சு உங்களுக்கு. கடைசிப் பையனை எப்போதும் அப்பா எடுத்துக்கொள்வார். யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள் என்பதால்.

மூன்று வருடத்துக்கு முந்தைய டிராஃப்ட்டில் எங்கள் அணிக்கு நான்கே பேர்தான் மிஞ்சினார்கள். மற்ற வாய்ப்புகளை வேறு அணிகளோடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேஸ்மென்ட்டில் நாங்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள், எனக்குத் தாலி இல்லாத குறையாக மோதிரம் மாட்டி அந்த மாதம்தான் வீட்டுக்குள் வந்த வெண்டல். அதுவும் பாஸ்டன் பக்கத்திலிருந்து. எங்கள் ஊரை வருடக்கணக்கில் அழவைத்த அணியின் தொப்பியை ஒரு காலத்தில் போட்டவன்.

“கடைசி ஆள் கடைசி ஆளுக்கு” என்று அப்பா தன்னுடைய ஏழாம் சுற்றுப் பையனை அவனுக்குக் கொடுத்தார். நெப்ராஸ்காவின் சோளக்காட்டுப் பையன். லைல் ஆஸ்டர்ஹவுஸ். கார்டு. பந்தைத் தொடவே தொடாத வேலை. எதிரே பாய்கிறவனை மறித்து, பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறியும்வரை காப்பது மட்டும்.

கிரெக் சிரித்தான். “அப்பா, அந்தப் பையன விடு. இந்த மாப்பிள்ளைக்கு என்ன மார்க்?”

அப்பா வெண்டலை மேலும் கீழும் பார்த்தார். “அவனுக்கும் அதே சட்டம்தான். மூணு வருஷம் கழிச்சுச் சொல்றேன்.”

அது வேடிக்கையாகச் சொன்னது. ஆனால் வெண்டல் அதை வேடிக்கையாக வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பாவிடம் கேட்பான். “இப்ப சொன்னா என்ன மார்க் வரும்?” அப்பா ரொட்டியை மென்றபடி, “வேகல” என்பார்.

வெந்து முடிக்க மூன்று மாதம் இருந்தபோது அப்பா போய்விட்டார்.

அன்று காலை வெண்டல் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை.

“எங்க?”

“ரோட்டுல குழி அடைக்க ஆள் பத்தலையாம். நான் போறேன். கிரெக் வருவான். நான் இல்லன்னா நிம்மதியா உக்காருவான்.”

“அம்மா உனக்கும் சேத்துத்தான் தட்டு வைப்பா.”

“டெஸ்.” பூட்சுக் கயிற்றைப் பிடித்தபடியே அவன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னிக்குத்தானே மூணு வருஷம்?”

அவன் அதை எண்ணிக்கொண்டிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறவனைப்போல நின்றான்.

“கழட்டு பூட்ஸ. ரொட்டி வாங்கணும்” என்றேன்.

அம்மா வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனோம். ஜனவரிக்குப் பிறகு அம்மா முன்வாசல் கதவைத் திறப்பதில்லை. முன்வாசல் அந்தக் கார் பாதையில் கொண்டு விடும்.

கிரெக் முன்னமே வந்து பேஸ்மென்ட்டில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அப்பாவின் நாற்காலியில் அல்ல, பக்கத்து நாற்காலியில். டிவியின் சத்தத்தை அணைத்திருந்தான். என்னைப் பார்த்து, “டெஸ்” என்றான். என் பின்னால் வந்தவனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

அம்மா மூலையில் இருந்த மின் அடுப்பில் வாணலியை வைத்திருந்தாள். மேலே சமையலறை இருக்க, டிராஃப்ட் அன்று மட்டும் கீழேதான் சமைப்பாள், எதையும் தவறவிடக் கூடாதென்று. பக்கத்தில் ஈஸ்டர் ஆட்டுக்குட்டி, வெண்ணெயில் செய்த பொம்மை. வருடா வருடம் அதன் கழுத்தில் அப்பாதான் கத்தி வைப்பார். இந்த ஈஸ்டருக்கு யாரும் தொடவில்லை. மிளகுக் கண்ணும் சிவப்பு நாடாவுமாக அப்படியே ஃபிரிட்ஜில் இருந்தது.

அம்மா அதன் பின்பக்கத்தை வழித்து வாணலியில் போட்டாள். வெங்காயம் சுர்ரென்றது.

“அம்மா!” என்றேன்.

“என்ன அம்மா? காட்சிக்கா வச்சிருக்கோம்? கெட்டுப்போகும். பியரோகி வேணுமா வேணாமா?”

“வேணும்” என்றான் வெண்டல்.

“அப்ப ரொட்டிய இப்படி வை. உப்பு இருக்கா பாத்தியா?”

“பாத்தேம்மா. கடைக்காரன் ‘உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கா’ன்னு கேட்டான்.”

அம்மா சிரித்தாள். கிரெக் சிரிக்கவில்லை.

எங்கள் அணியின் முறை வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. அதனால் பழைய கணக்கு. யார் நடத்துவது என்று யாரும் கேட்கவில்லை. கிரெக் தொண்டையைச் செருமினான். அப்பா செருமுவதைப்போலவே இருந்தது. அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் நிறுத்தினான்.

“முதல் சுற்று. ஜாமர் வில்க்ஸ். பந்து பிடிக்கிறவன். என்னோடவன். முதல் வருஷம் மான் மாதிரி ஓடினான். அப்புறம் முழங்கால். பி.”

“பியா?” அம்மா கரண்டியைத் தூக்கினாள். “போன வருஷம் அவன் ஆடினதவிட ஐஸ் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததுதான் அதிகம்.”

“முழங்காலுக்கு அவன் என்ன பண்ணுவான்?”

“உங்கப்பா இருந்தா சி. மூணு வருஷம்னா மூணு வருஷமும்தான்.”

“சரி, சி.” கிரெக் விட்டுக்கொடுத்தான். “ரெண்டாம் சுற்று, கலோவே. உன்னோடவன்.”

“அவனுக்கு நான் வாய் திறக்கவே வேண்டாம்.” அம்மா அவனை எடுத்துக்கொண்டது அவன் மேடையில் அழுது டையாலேயே மூக்கைத் துடைத்ததற்காக. ‘இவனுக்கு ஒரு ஆள் வேணும்’ என்றாள். இப்போது எதிரணிக் குவார்ட்டர்பேக்குகள் அவனைக் கண்டால் முன்னாலேயே குனிகிறார்கள்.

“பி” என்றான் கிரெக். அது பெரிய மதிப்பெண். அப்பா யாருக்கும் ஏ கொடுத்ததில்லை. ஆட்டத்தை விட்டு ஓய்ந்தபிறகுதான் ஏ என்பார்.

“நாலாம் சுற்று. டெஸ்ஸோட ஆளு, பந்த உதைக்கிறவன்.”

“அவன் இப்ப டல்சாவில இன்ஷூரன்ஸ் விக்கிறான்” என்றேன். “எனக்கும் ஒரு பாலிசி அனுப்பினான்னா பி குடுக்கலாம்.”

“எஃப்” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். வெண்டலும் சேர்ந்துதான். அப்படி ஒரே குரல் அந்த அறையில் கேட்டு நாளாகியிருந்தது. கிரெக்கும் அதைக் கவனித்தான். உடனே முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கடைசி. ஆஸ்டர்ஹவுஸ். டி.”

வெண்டல் தட்டைக் கீழே வைத்தான். “டியா?”

“நவம்பர் ஆட்டம்.” டிவியைப் பார்த்தபடியே கிரெக் சொன்னான். “ஒருத்தன் பக்கத்துலயே ஓடி வர்றான். இந்த ஆஸ்டர்ஹவுஸ் இன்னொரு பக்கம் பாத்துக்கிட்டு விட்டுட்டான். நம்ம குவார்ட்டர்பேக்குக்குத் தோள் எலும்பு போச்சு. வருஷமே போச்சு. ஆஸ்டர்ஹவுஸே மைக் முன்னால ‘என் தப்பு’ன்னு சொன்னானே. எஃப் குடுக்கல பாரு, அதுவே அதிகம்.”

வெண்டல் தன்னைப் பற்றி எதைச் சொன்னாலும் பேசாமல் இருக்கிறவன். மூன்று மாதமாகப் பார்த்துவிட்டேன். ஆனால் லைல் ஆஸ்டர்ஹவுஸ் அவனுடைய பிள்ளை.

“அது அவனோட ஆள் இல்ல கிரெக்.”

“கண்ணால பாத்தேன்.”

“நானும் கண்ணாலதான் பாத்தேன். உங்கப்பாவும் நானும் இதே இடத்துல உக்காந்து ரிவைண்ட் பண்ணிப் பாத்தோம். அவர் என்ன கேப்பார்னு உனக்குத் தெரியும்.”

தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். குவார்ட்டர்பேக் விழுந்த உடனே ஊரே ஒரு கார்டைத் திட்டும். அப்பா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டுவார். ‘விழுந்த இடத்தப் பாக்காதே. எல்லாரும் நின்ன இடத்தப் பாரு. வந்தானே, அவன் யாரு பொறுப்பு?’ ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆளை ஒதுக்கியிருப்பார்கள். அது தெரியாமல் ஒருத்தனைத் திட்டக் கூடாது என்பது அப்பாவுக்கு வேதம்.

வெண்டல் மேசைக்கு வந்தான். உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, காரமான குதிரைமுள்ளங்கித் துவையல் ஜாடி மூன்றையும் நிறுத்தினான்.

“இது லைல். இவன் உள்பக்கம் வர்றான், இவன் வெளிப்பக்கம் வர்றான். ரெண்டு பேரும் வந்தா உள்பக்கத்து ஆள முதல்ல எடு, அதுதான் லைலுக்குக் குடுத்த வேலை. எடுத்தான். வெளிப்பக்கத்து ஆளு பின்னால நின்ன ஓட்டக்காரனோட பொறுப்பு. அந்தப் பையன் மறந்துட்டான். புதுப் பையன். லைல் அவனக் காட்டிக் குடுக்கல. ‘என் தப்பு’ன்னு மைக்குல சொல்லிட்டுப் போயிட்டான். உங்கப்பா அதப் பாத்துட்டு ரிமோட்ட வச்சுட்டார். ‘இவன் நம்ம ஆளு’ன்னார்.”

கிரெக் துவையல் ஜாடியையே பார்த்தான். பிறகு முதல் தடவையாக வெண்டலை நேராகப் பார்த்தான்.

“நல்லாத்தான் சொல்ற. யாரு பொறுப்புன்னு. அப்ப அதையும் சொல்லு. அந்த வரப்பு யாரு பொறுப்பு? ஊரு ரோட்டையெல்லாம் சுத்தமாத் தள்ளி, மாமனார் வாசல்ல கொண்டுவந்து கொட்டிட்டுப் போனியே. தெரியாதா உனக்கு, அந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டார்னு?”

“தெரியும்.”

“அப்புறம்?”

வெண்டல் மிளகுக் குப்பியை ஓரமாகத் தள்ளினான். உப்புக் குப்பியைப் பழைய இடத்தில் வைத்தான். கல்லறையில் ஆட்டியதைப்போலவே தலையை ஆட்டினான்.

“பாத்தியா?” என்றான் கிரெக் என்னிடம். “இதுக்குப் பதில் கிடையாது.”

வாணலியின் சத்தம் நின்றது. அம்மா அடுப்பை அணைத்திருந்தாள்.

“ரிவைண்ட் பண்ணு” என்றாள்.

“என்னம்மா?”

“உங்கப்பா விழுந்த இடத்தையே பாத்துக்கிட்டிருக்க. எல்லாரும் நின்ன இடத்தப் பாரு.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கும் உட்காரவில்லை. “மத்தியானம் போன் வந்துச்சு. எடுத்தது நான். வெண்டல்தான். லாரியில இருந்து. ‘அம்மா, உங்க வாசல்ல பெரிய வரப்பா விழுந்திருக்கு, நிறுத்தி அள்ள முடியல, பின்னால ஆம்புலன்ஸ் வருது. ஷிப்டு முடிஞ்சதும் நானே வந்து எடுக்கறேன். அவர வெளிய மட்டும் விடாதீங்க’ன்னான். விடாதீங்கன்னு என்கிட்ட சொன்னான். அப்ப அவர் யாரு பொறுப்பு கிரெக்?”

“அம்மா, வேண்டாம்” என்றான் வெண்டல்.

“நீ சும்மா இரு. போதும் நீ சும்மா இருந்தது.” அம்மாவின் குரல் உயரவில்லை. “நான் அவர்கிட்ட சொன்னேன். சரின்னார். எனக்கு முட்டி வலி. மாத்திரை போட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன். எழுந்து ஜன்னலப் பாத்தா...”

துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“மூணு மாசம்” என்றாள். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவன் சொல்லிடுவான்னு பாத்தேன். ‘நான் போன் பண்ணினேன், உங்கம்மாதான் தூங்கிட்டாங்க’ன்னு ஒரு வார்த்த. சொன்னா அதோட முடிஞ்சது இவன் மேல இருக்கிற பழி. சொல்லல. அந்த லைல் மாதிரியே ‘என் தப்பு’ன்னுட்டு நின்னான்.”

எனக்கும் அது தெரியாது. ஒரே படுக்கையில் படுக்கிற எனக்கு. நான் வெண்டலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

கிரெக்கின் குரல் வேறாக வந்தது. “நீ சொன்னதும் அப்பா என்ன சொன்னார்? சரின்னு மட்டுமா?”

“‘பாவம், அவன் விடியக்காலையில இருந்து வண்டியில உக்காந்திருக்கான். வந்து இது வேற செய்யணுமா’ன்னார். அப்புறம்தான் சரின்னார்.”

டிவியில் சத்தமில்லாமல் ஒரு அட்டை வந்தது. எங்கள் அணியின் நிறம். நான்காம் சுற்று. அயோவாவிலிருந்து ஒரு பையன். பெயருக்குக் கீழே: கார்டு.

நாங்கள் நான்கு பேரும் அதைப் படித்தோம். லைலின் இடத்துக்குப் போட்டி.

“ஐயோ” என்றான் வெண்டல், அடி வயிற்றிலிருந்து. “லைல்!”

தன் மேல் விழுந்த எதற்கும் அவன் அப்படிக் கத்தியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான். துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

கிரெக் எழுந்தான். மாடிப்படிக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜுக்குப் போனான். இரண்டு பீர் எடுத்தான். கதவை உதைத்தான். ‘தொம்.’ ஒன்றை வெண்டலுக்கு எதிரே வைத்தான்.

“லைலுக்கு பி.”

“தேங்க்ஸ்.”

“உனக்கும்.” கிரெக் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். அவனைப் பார்க்கவில்லை. “மூணு வருஷம் ஆச்சு. அப்பா இருந்தா என்ன போடுவாரோ அதத்தான் போடறேன். பி. அதுக்கு மேல கேக்காத. எனக்கே பிதான் குடுத்தார்.”

“உனக்கு சிதான் குடுத்தார்” என்றாள் அம்மா. “நீ மனசு ஒடிஞ்சு போவேன்னு நான்தான் பின்னு சொல்லி வச்சேன்.”

வெண்டல் பீரை எடுத்தான். குடிக்கவில்லை. சில்லிட்ட புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். “பி” என்றான் என்னிடம் மெதுவாக, அது என் காதில் விழாததுபோல. “பி, டெஸ்.”

பியரோகி ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டோம். ரொட்டியில் உப்பு அதிகம் என்று கிரெக் சொன்னான். துவையலில் வெண்டலுக்குக் கண்ணீர் வழிந்தபோது, “மூணு வருஷமாச்சு, இன்னும் இவனுக்குக் காரம் பழகல” என்றான். பாஸ்டன் என்று கூப்பிடவில்லை. ஆனால் வெண்டலைப் பற்றிப் பேசினான். அயோவாப் பையனை யார் எடுத்துக்கொள்வது என்று வந்தபோது வெண்டல், “நான் மாட்டேன், லைலுக்கு துரோகம்” என்றான். கடைசியில் அயோவாக்காரன் என் தலையில் விழுந்தான். உதைக்கிறவனை விட உருப்படுவான் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

சொல்லக் கூடாதென்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரமெல்லாம் கிரெக் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நீட்டிய தட்டை வாங்கினான். ‘போதும்’ என்றான். அவ்வளவுதான். வெண்டல் மேலிருந்து இறங்கிய பழி எங்கே போய் உட்காரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆறாம் சுற்று முடிவதற்குள் கிரெக் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வெண்டலுக்குக் கை கொடுத்தான். என் தலையைத் தட்டினான். அம்மாவிடம், “வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினான்.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் உறுமிற்று. ஆனால் போகவில்லை.

பேஸ்மென்ட் ஜன்னல் தரை மட்டத்தில், கை அகலத்துக்கு மேல் இருக்காது. அதில் கார் பாதையும் கிரெக்கின் டயரும் தெரிந்தன. டயர் அசையவில்லை. பனியெல்லாம் எப்போதோ உருகி, வரப்பு கிடந்த இடத்தின் இருபுறமும் புல் மஞ்சளும் பச்சையுமாக எழுந்துகொண்டிருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அந்த டயரைப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏழாம் சுற்று வந்தா பேர எழுதி வைங்க” என்றாள் படியில் கால் வைத்தபடி. “அவன் என்னோடவன்.”

“அம்மா, நானும் வரட்டா?” என்றேன்.

“எதுக்கு? என் பையன்கிட்ட பேச எனக்கு ஆள் வேணுமா?”

பின்வாசல் கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். திறந்தது முன்வாசல். ஜனவரிக்குப் பிறகு அதன் சத்தம் கேட்கவேயில்லை என்பதால் முதலில் எது என்று பிடிபடவில்லை.

ஜன்னலில் அம்மாவின் செருப்புகள் வந்தன. அப்பா விழுந்த இடத்துக்கு வந்ததும் நின்றன. பிறகு அதன் மேலேயே நடந்து டயர் பக்கம் போயின. கார்க் கதவு திறந்தது. செருப்புகள் உள்ளே ஏறின. கதவு மூடியது.

இஞ்சின் அணைந்தது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா என்றும் தெரியாது. வெண்டலும் நானும் மாறி மாறி டிவியையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டிலும் சத்தமில்லை.

“நம்ம முறை எப்ப?” என்றேன்.

“இன்னும் ரெண்டு அணி இருக்கு.” வெண்டல் மிஞ்சிய ரொட்டியைத் தாளில் சுற்றினான். உடம்பு பாதியாகிப்போன வெண்ணெய் ஆட்டுக்குட்டியைத் தட்டோடு எடுத்தான். அதன் தலை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

அது மெல்லத் திறந்துகொண்டது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பூச்சு உதிர்ந்து இரும்பு தெரியும் அந்த மூலையில் ஓர் உதை கொடுத்தான்.

அந்தக் கதவு இன்றும் உதைத்தால்தான் மூடுகிறது.